உரிமைகளை எப்படி வைப்பது: பிட் ஃபிளாக், பூலியன், செட், தனி அட்டவணை

ஆவணங்களைக் கையாளும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பயனருக்குத் தரக்கூடிய உரிமைகள் ஆறு: படி, எழுது, நீக்கு, பகிர், ஏற்றுமதி, பயனர் நிர்வாகம். இவற்றில் எது எது ஒருவரிடம் இருக்கிறது என்பதை நிரலிலும் தரவுத்தளத்திலும் எப்படி வைப்பது என்ற இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரே எண்ணில் பிட்களாக அடுக்கலாம்; உரிமைக்கு ஒன்றாக 0 அல்லது 1 என்ற இலக்கம், இதுதான் பிட் ஃபிளாக். ஆம்/இல்லை என்று மட்டும் சொல்லும் ஆறு பூலியன் நெடுவரிசைகள் போடலாம். மொழி தரும் செட் வகையை, அதாவது ஒன்று ஒரு முறை மட்டுமே வரும் தொகுப்பைப் பயன்படுத்தலாம். உரிமைகளைத் தனி அட்டவணையாகவே பிரிக்கலாம். நான்குமே ஓடும். இரண்டு ஆண்டு கழித்து எது கழுத்தைப் பிடிக்கும் என்பதில்தான் வேறுபாடு.

## எதை வைத்து முடிவு செய்வது

கேள்வி எந்தத் திசையில் வருகிறது? என் கணக்கில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். "இந்தப் பயனரிடம் பகிரும் உரிமை உண்டா" என்பது ஒரு திசை. "பகிரும் உரிமை யார் யாரிடம் இருக்கிறது" என்பது எதிர்த்திசை. முதல் கேள்விக்குப் பிட் ஃபிளாக்கை மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு அதைப் போல மோசமானதும் இல்லை.

பட்டியல் மூடியதா, வளருமா? கோப்பின் படி, எழுது, இயக்கு என்ற மூன்றும் இனி மாறப்போவதில்லை. ஒரு வணிக மென்பொருளின் உரிமைகளோ ஒவ்வொரு வெளியீட்டிலும் கூடும். ஓர் எண்ணில் 32 அல்லது 64 பிட்தான் என்ற சுவர்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

தரவு நிரலைவிட்டு வெளியே போகிறதா? தரவுத்தளம், ஜேசன், இன்னொரு மொழியில் எழுதிய சேவை, அறிக்கை எடுக்கும் ஆள் என்று வெளியே போனால், உரிமைகளைச் சேர்த்துக்கட்டிய 11 போன்ற எண்ணுக்குப் பொருள் சொல்லும் அகராதியும் கூடவே போக வேண்டும்.

ஒவ்வொன்றும் உண்மையிலேயே தனித்தனி ஆம்/இல்லையா? லினக்ஸில் கோப்பைத் திறக்கும்போது தரும் ஃபிளாக்குகளில் படிக்க மட்டும் என்பது 0, எழுத மட்டும் என்பது 1, இரண்டும் என்பது 2. இவை தனித்தனி பிட்கள் அல்ல, இரண்டு பிட் அகலமுள்ள ஒரே புலத்தின் மூன்று மதிப்புகள். அதனால் முதலில் 3 என்ற முகமூடியால் (வேண்டிய பிட்களை மட்டும் விட்டுவைக்கும் எண்) வடிகட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். உங்கள் பட்டியலில் ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்க முடியாது என்ற ஜோடி வந்தால், அதைப் பிட்களுக்குள் திணிக்காமல் சாதாரண எனமாக (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வெளியே எடுத்துவிடுங்கள்.

கூடவே வேறு விவரம் வேண்டுமா? யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது, எதுவரை செல்லும் என்ற கேள்விகளுக்கு ஒரு பிட்டில் இடம் கிடையாது.

நினைவக மிச்சத்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு பூலியன் ஒரு பைட், சாதாரண முழு எண் நான்கு பைட். ஆறு உரிமைகளில் வித்தியாசம் வரிசைக்கு இரண்டு பைட். எஸ்கியூஎல் சர்வரில் நிலைமை தலைகீழ்: அது எட்டு பிட் நெடுவரிசைகளை ஒரே பைட்டில் தானே அடக்கிவிடுகிறது. ஆறு தனி நெடுவரிசைகள் ஒரு பைட், அவற்றை நீங்கள் சேர்த்துக்கட்டிய எண் நான்கு பைட். இடம் மிச்சம் என்று சொல்லிப் பிட்களுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

## பிட் ஃபிளாக் எனம்

படி 1, எழுது 2, நீக்கு 4, பகிர் 8, ஏற்றுமதி 16, பயனர் நிர்வாகம் 32. படிக்கவும் எழுதவும் பகிரவும் முடிந்தவரின் எண் 1 + 2 + 8 = 11. அடிப்படைச் செயல்கள் நான்கு (`|` ஏதாவது ஒன்றில் எரியும் பிட்களைத் தரும், `&` இரண்டிலும் எரிபவற்றை மட்டும் தரும், `~` எல்லா பிட்களையும் தலைகீழாக்கும்):

- சேர்க்க: `உரிமை | பகிர்`
- நீக்க: `உரிமை & ~பகிர்`
- எல்லாம் இருக்கிறதா: `(உரிமை & தேவை) == தேவை`
- ஏதாவது ஒன்றாவது இருக்கிறதா: `(உரிமை & தேவை) != 0`

கடைசி இரண்டும் ஒரே பிட்டுக்கு ஒரே விடையைத் தரும். `தேவை` என்பதில் இரண்டு பிட் சேர்ந்த நாளில்தான் பிரியும். `படி | எழுது` வேண்டும் என்று நினைத்து `!= 0` என்று சோதித்தால், படிக்க மட்டும் முடிந்தவர் உள்ளே வந்துவிடுவார். இது பாதுகாப்பு ஓட்டை. ஒற்றைப் பிட்டை வைத்து எழுதிய சோதனைகள் எல்லாம் பச்சையாகவே இருக்கும் என்பதால் கண்ணுக்கும் தெரியாது. இரண்டு சோதனைகளுக்கும் பெயரிட்ட தனி ஃபங்ஷன்கள் எழுதி, வேறெங்கும் நேரடியாக `&` வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீக்குவதற்குக் கழித்தலையோ `^` குறியையோ பயன்படுத்துவது அடுத்த தவறு. பிட் ஏற்கெனவே அணைந்திருந்தால் `^` அதை ஏற்றிவிடும். 11-இலிருந்து 4-ஐக் கழித்தால் 7, அதாவது படி, எழுது, நீக்கு. பகிர் பறிபோய், கேட்காத நீக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அடைப்புக்குறியையும் விடக்கூடாது. சி, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் `==` குறி `&` குறியைவிட முந்துகிறது. `உரிமை & பகிர் == பகிர்` என்று எழுதினால் முதலில் `பகிர் == பகிர்` உண்மையாகி, பிறகு `உரிமை & 1` கணக்கிடப்படும். நீங்கள் பகிரைக் கேட்டீர்கள், அது படியைப் பார்த்துப் பதில் சொல்கிறது. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் வகை பொருந்தாமல் கம்பைலர் நிறுத்திவிடும். பைத்தான், கோ, ரஸ்ட் மூன்றிலும் `&` முந்துவதால் இந்தச் சிக்கலே இல்லை.

சி ஷார்ப்பில் வேலை செய்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எனத்தின் தலையில் போடும் ஃபிளாக்ஸ் அட்ரிபியூட் மதிப்புகளை இரண்டின் அடுக்குகளாக மாற்றாது. முக்கியமாக அச்சிடும்போது பெயர்களைக் காற்புள்ளியிட்டுக் காட்டுவதற்குத்தான் அது. மதிப்புகளை நீங்களே எழுதாவிட்டால் 0, 1, 2, 3 என்றே போகும். நான்காவது உறுப்பு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த கலவையாகிவிடும். முதல் உறுப்பு 0 ஆக இருப்பதால் அதை யாருக்கும் தரவும் முடியாது, யாரிடமிருந்தும் பறிக்கவும் முடியாது. 0-ஐ எப்போதும் "எதுவுமில்லை" என்ற பெயருக்கு ஒதுக்குங்கள். ஒரு ஃபிளாக் இருக்கிறதா என்று சோதிக்கும் ஹேஸ்ஃபிளாக் முறையிடம் அந்த 0-ஐக் கொடுத்துக் கேட்டால் எப்போதும் ஆம் என்றுதான் சொல்லும்; "எதுவுமில்லை" என்பதைச் சோதிக்க நேராக `== 0` என்று எழுத வேண்டும். ஹேஸ்ஃபிளாக் மெதுவானது என்ற பேச்சு பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்குக்குப் பொருந்தும், அங்கே மதிப்பை ஆப்ஜெக்டாகச் சுற்றிவைக்கும் பாக்ஸிங் நடந்தது. டாட்நெட் கோர் 2.1 முதல், நிரல் ஓடும்போதே வேலை செய்யும் ஜிட் கம்பைலர் அதைச் சாதாரண பிட் சோதனையாகவே மாற்றிவிடுகிறது.

வெளியிலிருந்து வரும் எண் செல்லுமா என்று பார்க்க எனம் வகுப்பின் இஸ்டிஃபைன்டு முறையை நம்ப வேண்டாம். 11 என்ற மதிப்புக்குத் தனிப் பெயர் இல்லாததால், சரியான கலவையாக இருந்தும் இல்லை என்றே சொல்லும். தெரிந்த பிட்கள் அனைத்தையும் சேர்த்த முகமூடி 63-ஐ வைத்து `(எண் & ~63) == 0` என்று சோதியுங்கள். தெரியாத பிட்டைக் கண்டும் காணாமல் விட்டால், பின்னாளில் அந்த பிட்டுக்குப் பொருள் தரும்போது பழைய தரவில் கிடந்த குப்பை உயிர்பெறும். லினக்ஸில் கோப்பைத் திறக்கும் பழைய ஓபன் அழைப்பு தெரியாத ஃபிளாக்குகளைப் பேசாமல் விட்டுவிடும். 2020-இல் கெர்னல் 5.6-இல் வந்த ஓபன்அட்2 அவற்றைப் பிழை என்று திருப்பி அனுப்புகிறது. பைத்தானின் ஃபிளாக் வகை 3.11 முதல் இந்த நடத்தையை நம் கையில் தருகிறது: சாதாரண ஃபிளாக் தெரியாத பிட்டை மறுக்கும், இன்ட்ஃபிளாக் அப்படியே வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் தரவுக்கு முதலாவதே பொருத்தம்.

பிழையைக் குறிக்க -1 திருப்பி அனுப்பும் ஃபங்ஷன் இருந்தால் இன்னொரு ஆபத்து. -1-இல் எல்லா பிட்களும் எரிகின்றன. விண்டோஸில் கோப்பின் பண்புகளைக் கேட்கும் அழைப்பு தோற்றால் 32 பிட்களும் 1 ஆக உள்ள எண்ணைத் தருகிறது. அதைப் பார்க்காமல் நேராக 16 என்ற கோப்புறை பிட்டைச் சோதித்தால், இல்லாத கோப்பு கோப்புறையாகத் தெரியும்.

32-ஐத் தாண்டும் இடத்தில் மொழிக்கு மொழி வேறு பொறி. சி ஷார்ப்பிலும் ஜாவாவிலும் 32 பிட் எண்ணின் பிட்களை இடப்பக்கம் நகர்த்தும்போது, எத்தனை இடம் என்று சொல்லும் எண்ணின் கடைசி ஐந்து பிட்கள் மட்டுமே கணக்கு. எனவே `1 << 40` என்பது `1 << 8`, அதாவது 256. எனத்தை 64 பிட்டாக மாற்றிவிட்டு இடப்பக்கம் இருக்கும் 1-ஐ 64 பிட்டாக மாற்ற மறந்தால், புதிய உரிமையும் ஒன்பதாவது உரிமையும் ஒன்றாகிவிடும். சி மொழியில் அந்த நகர்வுக்கு வரையறையே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்கள் மீதான பிட் செயல்கள் 32 பிட்டுக்கு வெட்டப்படுகின்றன, `1 << 31` எதிர்ம எண்ணாகிறது. 2-இன் 53-ஆம் அடுக்குக்கு மேல் முழு எண்களே துல்லியம் இழக்கின்றன. டிஸ்கார்ட் தன் உரிமை எண்ணை ஏபிஐயில் எண்ணாக அனுப்பாமல் சரமாக அனுப்புவது இந்த வகைச் சிக்கலைத் தவிர்க்கிறது. பிட் எண்ணை உலாவிக்கு அனுப்பும் எவரும் முதல் நாளே அப்படிச் செய்வது நல்லது.

தரவுத்தளத்துக்குள் போனதும் எதிர்த்திசைக் கேள்வி தொடங்குகிறது. `(உரிமை & 8) = 8` என்ற நிபந்தனைக்கு அந்த நெடுவரிசையில் உள்ள சாதாரண இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அடைவு) உதவாது; முழு அட்டவணையும் படிக்கப்படும். வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் போஸ்ட்கிரெஸின் திட்டமிடுபவருக்கு இந்தக் கோவையைப் பற்றிப் புள்ளிவிவரம் இல்லாததால் 200-இல் ஒரு வரிசை பொருந்தும் என்று வைத்துக்கொள்ளும். உண்மையில் பாதிப் பேரிடம் அந்த உரிமை இருந்தால், அந்தத் தவறான மதிப்பீட்டின்மேல் தவறான இணைப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும். ஒரு பிட்டுக்கென்று பகுதி இண்டெக்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளுக்கு மட்டுமானது) போடலாம். வினவலில் அதே கோவை அப்படியே வந்தால்தான் அது வேலை செய்யும், பிட்டுக்கு ஒன்று வேண்டும்.

இன்னொரு மறைமுகச் செலவு ஒரே நேரத்தில் இருவர் திருத்துவது. ஒரு நிர்வாகி பகிரைத் தருகிறார், இன்னொருவர் ஏற்றுமதியைத் தருகிறார். இருவரின் நிரலும் 3 என்று படித்து, ஒன்று 11 என்றும் மற்றொன்று 19 என்றும் எழுதினால், பின்னால் எழுதியது முன்னதை அழித்துவிடும். படித்துத் திருத்தி எழுதாமல், தரவுத்தளத்திலேயே `உரிமை = உரிமை | 8` என்று புதுப்பியுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் பிட் ஃபிளாக் மட்டுமே சரியான இடங்கள் இருக்கின்றன. இயங்குதளத்தோடு பேசும்போது, கோப்பு வடிவங்களில், நெட்வொர்க் ஹெடர்களில் வடிவத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு ஃபங்ஷனுக்குத் தரும் விருப்பங்களுக்கு, ரெகெக்ஸுக்குத் தருவது போல, இது சுத்தமாக இருக்கும். நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஓடும் சோதனைகளில் இதன் வேகம் உண்மையான பலன்: விளையாட்டு இயந்திரங்கள் எந்தப் பொருள் எதனோடு மோதலாம் என்பதை இரண்டு முகமூடிகளின் ஒரே `&` மூலம் முடிவு செய்கின்றன. சதுரங்க நிரல்களுக்கு 64 கட்டங்கள் 64 பிட்டில் கச்சிதமாக உட்காருகின்றன. அதைவிட அழகான பொருத்தம் இந்தத் துறையில் அரிது.

## தனித்தனி பூலியன் நெடுவரிசைகள்

பலர் இதைத் தேர்வாகவே எண்ணுவதில்லை. ஆறு உரிமைகள், பெரிதாக வளராது என்ற நிலையில் பெரும்பாலும் இதுவே போதும். அறிக்கை எடுப்பவர் விளக்கம் கேட்காமல் வினவல் எழுதலாம். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இயல்பு மதிப்பும் கட்டுப்பாடும் வைக்கலாம். "நீக்கும் உரிமை இருந்தால் எழுதும் உரிமையும் இருக்க வேண்டும்" என்ற விதியை அட்டவணையே காக்கும். இருவர் வெவ்வேறு உரிமையைத் திருத்தினால், மாறிய நெடுவரிசையை மட்டும் எழுதும் ஓஆர்எம்களில் (ஆப்ஜெக்டுகளை அட்டவணையோடு இணைக்கும் நூலகங்கள்) மோதல் வராது.

புதிய உரிமைக்கு அட்டவணையை மாற்ற வேண்டும் என்பது பழைய குறை. போஸ்ட்கிரெஸ் 11 முதல் மாறாத இயல்பு மதிப்புடன் நெடுவரிசை சேர்க்கும்போது முழு அட்டவணையும் திரும்ப எழுதப்படுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு உரிமைக்கும் மைக்ரேஷன் (அட்டவணையை மாற்றும் ஸ்கிரிப்ட்), மாடல், படிவம், ஏபிஐ என்று நான்கு இடங்களைத் தொட வேண்டும். பதினைந்து தாண்டினால் இது வலிக்கும். "இந்த மூன்றில் ஏதாவது ஒன்று" என்ற கேள்விகள் நீளமாகும், ஒரு தொகுப்பை இன்னொன்றோடு ஒப்பிடுவது இன்னும் நீளமாகும்.

நல் (மதிப்பே இல்லை என்ற நிலை) அனுமதித்துவிடாதீர்கள். ஆம், இல்லை, நல் என்ற மூன்று நிலைகளில் மூன்றாவதற்கு ஒவ்வொரு நிரலரும் ஒவ்வொரு பொருள் கொள்வார். "இன்னும் கேட்கவில்லை" என்ற நிலை உண்மையிலேயே வேண்டுமென்றால் அதற்குப் பெயர் கொடுத்து எனமாக வையுங்கள்.

## மொழி தரும் செட்

ஜாவாவில் இருப்பவர்களுக்கு முடிவு எளிது. எனம்செட், 64 உறுப்புகள் வரை உள்ளே ஒரே 64 பிட் எண்ணாகத்தான் இயங்குகிறது. அதற்கு மேல் போனால் தானாகவே எண்களின் வரிசைக்கு மாறிக்கொள்கிறது. பிட்களின் வேகம் கிடைக்கிறது, அடைப்புக்குறி, நகர்வு, தெரியாத பிட் என்ற மேற்சொன்ன பொறிகள் எதுவும் இல்லை. நிரலுக்குள் மட்டும் வாழும் தரவுக்கு ஜாவாவில் கையால் பிட் எழுதக் காரணமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அது மாறக்கூடியது, பல திரெட்கள் ஒன்றாகத் தொட்டால் பாதுகாப்பில்லை என்ற இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள்.

சி ஷார்ப்பில் இதற்கு நேர் இணை இல்லை. ஹேஷ்செட் போடலாம், ஆனால் ஆறு உரிமைக்கு அது கனம். பைத்தானில் ஃபிளாக் வகையே செட் போல நடந்துகொள்கிறது, 3.11 முதல் அதன்மீது ஒவ்வொரு உறுப்பாகச் சுற்றவும் முடியும். ரஸ்டில் பிட்ஃபிளாக்ஸ் என்ற கிரேட் (நூலகம்) பிட்களுக்குச் செட்டின் முகத்தைத் தருகிறது.

செட்டின் செலவு சேமிக்கும்போது தெரியும். ஜாவாவில் தரவைச் சேமிக்கப் பயன்படும் ஜேபிஏ தன் இயல்பில் எனத்தைப் பெயராக எழுதாமல் வரிசை எண்ணாகவே எழுதும். யாரோ எனத்தின் நடுவில் ஒரு புதிய உறுப்பைச் செருகினால், அதற்குப் பிந்தைய உறுப்புகளாக ஏற்கெனவே சேமித்த உரிமைகள் எல்லாம் ஓசையின்றி ஒரு படி நகர்ந்துவிடும். பெயரை எழுதச் சொல்லிவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் பெயர்களை அர்ரேயாகச் சேமித்து, உறுப்பு வாரியாகத் தேட உதவும் ஜின் இண்டெக்ஸ் போட்டால் எதிர்த்திசைக் கேள்விக்கும் வேகமான விடை கிடைக்கும். அர்ரேயின் உறுப்புகளுக்கு அயல்விசை (மதிப்பு இன்னோர் அட்டவணையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு) வைக்க முடியாது என்பதால் எழுத்துப்பிழையைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. மைஎஸ்கியூஎல்லின் செட் வகை பெயர்களைக் காட்டினாலும் உள்ளே பிட்கள்தான், உச்சம் 64 உறுப்புகள்.

## தனி அட்டவணை

உரிமைகளுக்கு ஓர் அட்டவணை, யாருக்கு எது என்பதற்கு இன்னோர் அட்டவணை. எதிர்த்திசைக் கேள்வி, வளரும் பட்டியல், கூடுதல் விவரம் மூன்றுக்கும் நேரான விடை இதுதான். வாடிக்கையாளரே புதிய உரிமைகளை உருவாக்கலாம் என்று வந்தால் வேறு வழியே கிடையாது, ஏனென்றால் கம்பைல் செய்யும்போது பட்டியல் தெரியாது.

இடம் அதிகம் கொள்ளும். போஸ்ட்கிரெஸில் இரண்டு முழு எண்கள் கொண்ட ஒரு வரிசைக்குத் தலைப்பும் சுட்டியும் சேர்த்து 36 பைட், முதன்மை விசையின் இண்டெக்ஸில் இன்னும் 20 பைட். எண்ணாக இருந்தால் ஒரு பயனருக்கு 4 பைட்டில் முடிந்திருக்கும். ஒரு லட்சம் பயனருக்கு ஆளுக்கு ஐந்து உரிமை என்றால் சுமார் 28 எம்பி, இன்றைய சர்வருக்கு இது பொருட்டல்ல. ஐம்பது கோடி சென்சார் பதிவுகளுக்கு ஆறு நிலை ஃபிளாக்குகள் என்றால் கதை வேறு. அங்கே எண்ணே சரி.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஜாயின் (அட்டவணைகளை இணைத்துப் படிப்பது) வேண்டாம் என்று உள்நுழைவின்போதே உரிமைகளைப் படித்து, நினைவகத்தில் செட்டாகவோ பிட் எண்ணாகவோ வைத்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலான வணிக மென்பொருளுக்கு நான் பரிந்துரைப்பதும் இந்தக் கலவையைத்தான். இதன் விலை: உரிமையைப் பறித்த பிறகும் செஷன் முடியும்வரை பழைய உரிமை உயிரோடு இருக்கும். நீக்கு, பயனர் நிர்வாகம் போன்ற ஆபத்தான செயல்களுக்கு மட்டுமாவது தரவுத்தளத்தை மீண்டும் கேளுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிட் எண் | பூலியன்கள் | செட் | தனி அட்டவணை |
|---|---|---|---|---|
| இவரிடம் இது உண்டா | மிக வேகம் | வேகம் | வேகம் | ஜாயின் அல்லது கேஷ் |
| இது யாரிடம் உண்டு | முழு அட்டவணை வாசிப்பு | இண்டெக்ஸ் போடலாம் | சேமிப்பு வடிவைப் பொறுத்தது | நேரடி இண்டெக்ஸ் |
| உச்ச எண்ணிக்கை | 32 அல்லது 64 | பதினைந்துக்குமேல் தொல்லை | நடைமுறையில் இல்லை | இல்லை |
| புதியதைச் சேர்க்க | நிரல் மட்டும் | நிரலும் மைக்ரேஷனும் | நிரல் மட்டும் | ஒரு வரிசை |
| யார், எப்போது | முடியாது | முடியாது | முடியாது | முடியும் |
| வெளியாள் வாசிக்க | அகராதி வேண்டும் | எளிது | பெயராகச் சேமித்தால் எளிது | எளிது |

## ஏற்கெனவே எண்ணாக இருப்பதைப் பிரிக்க வேண்டுமென்றால்

1. முதலில் குப்பையைத் தேடுங்கள்: `(உரிமை & ~63) <> 0` ஆகும் வரிசைகள் எத்தனை? பூஜ்யம் இல்லையென்றால், கைவிடப்பட்ட பழைய ஃபிளாக்குகளா பிழையா என்று தெரியும்வரை மேலே போகாதீர்கள்.
2. உரிமைகள் அட்டவணையில் பெயரோடு 1, 2, 4 என்ற மதிப்பையும் ஒரு நெடுவரிசையாக வையுங்கள். "எல்லாம்" போன்ற கலவைப் பெயர்களை அதில் சேர்க்க வேண்டாம்.
3. பயனர் அட்டவணையை அதோடு `(உரிமை & மதிப்பு) = மதிப்பு` என்ற நிபந்தனையில் இணைத்து, கிடைக்கும் ஜோடிகளைப் புதிய அட்டவணையில் நிரப்புங்கள். அதற்கு முன்பே, இனி வரும் மாற்றங்களை இரண்டு இடத்திலும் ஒரே டிரான்ஸாக்ஷனில் எழுதும் நிரல் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் நிரப்பும் நேரத்தில் நடந்த மாற்றங்கள் தொலையும்.
4. ஒவ்வொரு பயனருக்கும் புதிய அட்டவணையின் மதிப்புகளைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பழைய எண்ணுக்குச் சமமாக வேண்டும். எந்த உரிமையும் இல்லாதவருக்கு வரிசையே இருக்காது என்பதால் இடது ஜாயினில் நல்லை 0 ஆக மாற்றி ஒப்பிடுங்கள்.
5. வாசிப்பைப் புதிய அட்டவணைக்கு மாற்றிய பிறகு, பழைய நெடுவரிசையை நீக்கும் முன் அறிக்கை வினவல்கள், வியூக்கள், இரவில் ஓடும் ஸ்கிரிப்ட்கள் எல்லாவற்றிலும் அதன் பெயரைத் தேடுங்கள். `& 8` என்று வெறும் எண்ணை வைத்து எழுதியவை எனத்தின் பெயரைத் தேடினால் சிக்காது.